பெண்கள் பக்கம் திரும்பிய முகம்

நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷத்தில் ஒரு நாள், கூடத்துக் கதவு நிலை வளைந்துவிட்டது என்று சொல்லி என் மாமனார் ஆசாரியை வரவழைத்தார். ஆசாரி நூல் பிடித்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். "நெல நேராத்தான் இருக்குதுங்க மெஸ்யே" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார். மாமனார் எழுந்துபோய் நிலையை மேலிருந்து கீழ்வரை கையால் தடவினார். பிறகு ஆசாரிக்குக் காப்பி கொடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார். நானும் என் வீட்டுக்காரரும் சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். "சுங்கத்துல இருந்தவரு இல்லியா, நெலகூட எதையோ மறைச்சு எடுத்துனு போவுதுன்னு சந்தேகம்" என்று அவர் சொன்னதற்கு நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாமனார் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் சுங்கச் சாவடியில் வேலை பார்த்தவர். எல்லையைக் கடக்கிறவர்களின் முகத்தைப் பார்த்தே மடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் பெருமையடிப்பார்கள். ஐம்பத்து நாலில் கொடி மாறியது, சாவடிகளை எடுத்துவிட்டார்கள். அவருக்கும் வயதாகியிருந்தது. பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்தார். மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துபோனார். ஆக, அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நான் ரெட்டியார்பாளையத்துப் பெண். டவுனில், மாதா கோயில் மணி காதில் விழுகிற வீட்டில் வாழ்க்கைப்படப் போகிறேன் என்று என் தாய்வீட்டில் தலைகால் புரியவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதையும் சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள்.

மாமனார் என்னிடம் பேசும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார். தலையைச் சற்றே இடது பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரைப் பார்ப்பதுபோல இருந்து, ஓரத்தால் என்னைப் பார்ப்பார். சோறு போடும்போது அப்படி, துணி உலர்த்தும்போது அப்படி. அப்படிப் பார்க்கிற ஆண்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்தே எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். ஒழுங்கான ஆம்பளை நேராகப் பார்ப்பான், இல்லையென்றால் தலையைக் குனிந்துகொள்வான். ஓரக்கண்ணால் பார்க்கிறவன் சரியில்லை. எங்களுக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான். அதனால் அவர் தலை திரும்பும்போதெல்லாம் நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர்மேல் வேறு ஒரு குறையும் சொல்ல முடியாது. குழம்பு உப்புக் கரித்தாலும் வாயைத் திறக்க மாட்டார். அந்தப் பொறுமையையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

கண்ணில் கோளாறு என்று ஏன் தோன்றவில்லை என்று கேட்கலாம். தோன்றாமல் இல்லை. பேப்பர் படிப்பதை நிறுத்தியிருந்தார். கண்ணாடி மாற்றிக் கொடுத்தோம், அதையும் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆனால் அவரைப் பார்வை போனவர் என்று எப்படிச் சொல்வது? கடற்கரைக்குத் தனியாகப் போய்த் தனியாகத் திரும்புவார். மழைத்தண்ணீர் தேங்கிய இடத்தைச் சுற்றிக்கொண்டு நடப்பார். மதில்மேல் பூனை போனால் முதலில் விரட்டுகிறவர் அவர்தான். ஒரு தடவை என் ஊக்கு காணாமல்போய் நான் தரையெல்லாம் துழாவிக்கொண்டிருந்தேன். வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தவர், "தோ, கட்டில் காலாண்ட மின்னுது பாரும்மா" என்றார். ஊக்கைக் கண்டவருக்கு, எதிரே வந்து "போன்ழூர்" என்று வணக்கம் சொல்கிற ஆள் யாரென்று தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்? கர்வம் என்று தெருவில் சொன்னார்கள். கறி ஆகாத வெள்ளிக்கிழமையில் மீன் வைத்தால் தொடாமல் எழுந்துவிடுவார். இறாலாக இருந்தால் மட்டும் சாப்பிடுவார். நாக்கு கேட்கிறது என்று நான் முணுமுணுத்தேன். முள் தெரியவில்லை என்று அவரும் சொல்லவில்லை.

எங்கள் கோயிலில் பீடத்தைப் பார்த்து உட்கார்ந்தால் வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள். மாமனார் நடுப்பாதையை ஒட்டி உட்காருவார், அது அவருடைய பழைய இடம். பூசையில் எழுந்தேற்றத்தின்போது மணி அடிக்கும், சாமியார் அப்பத்தைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டுவார், எங்களுக்கு அந்த அப்பம்தான் சாமி. அதைவிடப் பெரிய நேரம் பூசையில் கிடையாது. கைக்குழந்தையின் தலையைக்கூடப் பிடித்துப் பீடத்தின் பக்கம் திருப்புவார்கள். அந்த நேரம் பார்த்து, ஊரே முன்னால் பார்க்கும்போது, என் மாமனார் மட்டும் முகத்தை இடது பக்கம் திருப்புவார். இடது பக்கம் முக்காடு போட்ட பெண்கள் முழங்காலில் இருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு அம்மாள் வந்தார். மாதா சபையில் முக்கியமானவர். மாமனார் பின்கட்டில் இருக்கிறார் என்பதை எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

"சொல்லக் கூடாதுதான். சொல்லாம இருக்கவும் முடியல. சாமியத் தூக்கற நேரத்துல உன் மாமனாரு எங்க பாக்கறாரு தெரியுமா? பொம்பளைங்க பக்கம். ஏதோ ஒரு வாரம் ரெண்டு வாரம்னா சும்மா இருந்துடலாம். பொண்டாட்டி இல்லாத மனுசன், நாலு பேரு பேசறாங்க."

அவருக்குக் கழுத்து வலி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாதே என்று எழுந்துபோயிருக்கலாம். நான் சொன்னது இதுதான்:

"வூட்டுலயும் அப்படித்தான் பாக்கறாரு."

சொன்னவுடன் எனக்கு மனசு லேசானது. இத்தனை நாள் நான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்ததைப் பங்குபோட ஆள் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் இன்றுவரைக்கும் என்னை அரிக்கிறது. அதுவரை அது வெறும் வம்பு, எப்போது வேண்டுமானாலும் ஓய்ந்திருக்கும். நான் வாயைத் திறந்ததும் அது சாட்சியாகிவிட்டது. மருமகளே சொன்னாள் என்று தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, என் வீட்டுக்காரரின் காதுக்கு வந்தது. அவர் என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன்.

அன்று சாயங்காலமே அவர் அப்பாவிடம் பேசினார். நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன்.

"அப்பா, அடுத்த வாரத்துலேருந்து கோயில்ல பின்னாடி தூணாண்ட உக்காருங்க."

"என்னாத்துக்கு?"

"பொம்பளைங்க பக்கம் பாக்கறீங்கன்னு பேசிக்கறாங்க."

"யாரு?"

"எல்லாரும்தான்."

மாமனார் முகத்தைத் திருப்பினார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் "சரி" என்றார். ஏன், எப்படி, எவன் சொன்னான் என்று ஒரு சத்தம் வரும், ஒரு சண்டை நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். எதுவும் நடக்காததால், சொன்னது உண்மைதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறுதியாகிவிட்டது.

அந்தத் தூண் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற அளவுக்குப் பருமன். அதன் பின்னால் உட்கார்ந்தால் பெண்களும் தெரிய மாட்டார்கள், பீடமும் தெரியாது. மாமனார் வாராவாரம் அங்கேதான் உட்கார்ந்தார். வீட்டிலும் நான் எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொள்ளப் பழகினார், அல்லது எழுந்து தோட்டத்துக்குப் போனார். மனுஷன் திருந்திவிட்டார் என்று நான் நினைத்தேன். இப்படி வருஷக்கணக்கில் ஓடியது.

இடையில் எனக்கு மகள் பிறந்தாள். மாமனாருக்கு அவள் என்றால் உயிர். அவளை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிவைத்துக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எதையோ தேடுவதுபோலப் பார்ப்பார். நான் வந்துவிட்டால் உடனே நிறுத்திக்கொள்வார். அதைப் பார்க்கப் பார்க்க என் கோபம் எங்கே போனது என்று தெரியாமல் போய்விட்டது. ஆனால் சொன்ன வார்த்தையை யாரிடம் போய்த் திரும்ப வாங்குவது? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தபோது புறணி பேசினேன் என்று சொன்னேன். யாரைப் பற்றி, என்ன என்று சொல்லவில்லை. பரிகாரமாக மாதாவுக்குச் சில பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார். முழங்காலில் இருந்து கடகடவென்று சொல்லி முடித்து, கணக்கு தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது ஒரு நாள் விடாமல் இருமினாள். வீட்டுக்காரருக்கு லீவு என்பதால் அவளை அவரிடம் விட்டுவிட்டு, நானும் மாமனாரும் பெரிய மார்க்கெட்டுக்குப் போனோம். அவர் மருந்து வாங்க, நான் காய் வாங்க. முடித்ததும் மணிக்கூண்டுக்குக் கீழே சந்திப்பதாகப் பேச்சு. கருணைக்கிழங்குக்காரியோடு பேரம் பேசி நான் நேரத்தை ஓட்டிவிட்டேன். போய்ப் பார்த்தால் மாமனார் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் எதிர்வீட்டு அம்மாள் நின்று கத்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் தலை நிமிரவில்லை. மாமனார் சுவரோடு சுவராக, மருந்து பாட்டிலை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீயே வந்து கேளு. நான் பாட்டுக்கு மணிக்கூண்டாண்ட நின்னுனு இருக்கேன். இவரு நேரா எங்கிட்ட வராரு. 'மருந்து வாங்கிட்டேம்மா, புள்ள இருமினு இருக்கும், வா வூட்டுக்குப் போலாம்'னு கூப்புடறாரு. யாரப் பாத்து வூட்டுக்குக் கூப்புடறாரு? கோயில்லதான் அப்படின்னா கடைத்தெருவுலயுமா?"

மாதா திருநாளுக்கு எங்கள் தெருப் பெண்கள் எல்லோரும் ஒரே கடையில் ஒரே மாதிரி வெளிர்நீலப் புடவை எடுத்திருந்தோம். அந்த அம்மாள் அன்று அதைக் கட்டியிருந்தார். குனிந்து பார்த்தேன், நானும் அதைத்தான் கட்டியிருந்தேன். இருமுகிற பிள்ளை என்னுடையது. மாமனார் பேசிய வார்த்தை முழுவதும் எனக்கானது. மணிக்கூண்டுக்குக் கீழே நீலப் புடவை ஒன்று நிற்பதைப் பார்த்திருக்கிறார், முகத்தைப் பார்க்கவில்லை. காய்ப்பையைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு எதிரே போய் நின்றேன்.

"மாமா, என் மூஞ்சி உங்களுக்குத் தெரியுதா?"

"நீ பேசினா தெரியும்மா" என்றார்.

எதிர்வீட்டு அம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாளே கண் டாக்டரிடம் அழைத்துப் போனோம். பிரெஞ்சுக்காரர்களிடம் படித்த வயதான டாக்டர். அறையை இருட்டாக்கி, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஜன்னலைத் திறந்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"இது புரை இல்ல. புரைன்னா எடுத்துடலாம். கண்ணுக்குப் பின்னால திரை மாதிரி ஒண்ணு இருக்குது. அதுக்கு நட்டநடுவுல ஒரு சின்ன இடம். படிக்கறது, முகம் பாக்கறது, முள்ளு எடுக்கறது எல்லாம் அந்த இடம் செய்யற வேலை. சில பேருக்கு வயசானா அது தேஞ்சுபோவும். சுத்தி இருக்கறது நல்லாவே இருக்கும். அதனாலதான் நடமாட்டத்துக்குத் தடை இல்ல." மாமனாரைப் பார்த்துக் கேட்டார்: "ஆரம்பத்துல நேர்க்கோடெல்லாம் நெளிஞ்சு தெரிஞ்சிருக்குமே?"

"தெரிஞ்சுதுங்க. கதவு நெல" என்றார் மாமனார்.

என் வீட்டுக்காரர் கண்ணாடி, ஆபரேஷன், மருந்து, சென்னை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். டாக்டர் கையை விரித்தார். கண்ணாடி பெரிதாக்கிக் காட்டும், தேய்ந்த இடத்தைத் திருப்பித் தராது என்றார். முழுக்க இருட்டாகிவிடாது, பயப்பட வேண்டாம் என்றார். நான் அப்போதுதான் கேட்டேன், இவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்க்கிறார் என்று. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் அவரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கட்டைவிரலை நீட்டி என் முகத்தை மறைங்கம்மா. தெரியுதா?"

"இல்லைங்க."

"அந்த விரல் உங்க பார்வையோடவே ஒட்டிக்கிட்டு வருதுன்னு வெச்சுக்குங்க. நீங்க எங்க பாத்தாலும் அங்க விரல். இப்ப என்னைப் பாக்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

நான் யோசித்தேன். பிறகு பார்வையையும் விரலையும் சேர்த்து, அவருக்குப் பக்கத்தில் இருந்த பீரோவுக்கு நகர்த்தினேன். டாக்டரின் முகம் ஓரத்தில் மங்கலாக வந்து நின்றது. நான் இடது பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தேன், அச்சு அசல் என் மாமனாரைப்போல.

"அவ்வளவுதான். எதைப் பாக்கணுமோ அதுக்குப் பக்கத்துல பாக்கணும். யாரும் சொல்லித் தராம பெரியவரே கண்டுபுடிச்சிருக்காரு."

கையை இறக்க எனக்கு வெகுநேரமாயிற்று. பெண்கள் இருக்கிற பக்கம் அவர் முகம்தான் திரும்பியது, அவர் பார்த்தது பீடத்தை. சாமியைத் தூக்கும்போது எல்லோரையும்விட ஆசையாகப் பார்க்க நினைத்தவர் அவர்தான், அதனால்தான் அந்த நேரத்தில் தவறாமல் திரும்பினார். அவருக்கு மிச்சமிருந்த பார்வையைத்தான் நாங்கள் தூணுக்குப் பின்னால் உட்கார வைத்தோம்.

ரிக்ஷாவில் திரும்பும்போது, "ஏன் மாமா ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"எனக்கே புரியலம்மா. ஓரத்துல தெரியுது, நடுவுல தெரியல. இத யாருகிட்ட போயி என்னான்னு சொல்றது? பைத்தியம்னு சொல்லுவாங்க."

"கோயில்ல பேசறாங்கன்னு சொன்னப்பவாவது சொல்லியிருக்கலாமே."

"பொம்பளைங்களப் பாக்கறேன்னு சொன்னப்புறம் கண்ணு தெரியலன்னு சொன்னா யாரு நம்புவா?" என்று சொல்லிவிட்டு, "நீயே நம்பியிருக்க மாட்ட" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். மருமகளே சொன்னாள் என்று தெருவில் பேசியது அவர் காதுக்கும் வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த வாரம் முழுக்க நானும் வீட்டுக்காரரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டோம். நீ சொன்னதால் என்றார் அவர். பெற்ற அப்பாவைக் கேட்க உங்களுக்கு வாய் இல்லையா என்றேன் நான். எதிர்வீட்டு அம்மாள் நேராக வந்து மாமனாரின் காலடியில் உட்கார்ந்து அழுதார், அவரும் "பரவால்லம்மா, போ" என்று அனுப்பிவைத்தார். அந்த அம்மாளுக்கு அதோடு முடிந்தது. எனக்கு அப்படி அழக்கூட வரவில்லை. அதற்குப் பதிலாக வீடு வீடாகப் போனேன். எந்த வாயால் சொன்னேனோ அதே வாயால், அவருக்குக் கண்ணில் நடுப்பகுதி இல்லை, திரும்பினால்தான் தெரியும், நான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் விரலை நீட்டிக் காட்டிச் சொன்னேன். சிலர் விரலை நீட்டிப் பார்த்தார்கள், சிலர் பார்க்காமலே சரி என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாமனாரைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் நடுப்பாதை ஓரத்தில், அவருடைய பழைய இடத்தில் என் வீட்டுக்காரர் உட்கார வைத்தார். "எப்படி வேணா திரும்பிப் பாருங்க மாமா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்" என்று வாசலிலேயே சொல்லியிருந்தேன். பெண்கள் பக்கத்தில், அவர் முகம் திரும்பினால் எங்கே விழுமோ அந்த இடத்தைப் பிடித்து நான் முழங்காலில் இருந்தேன். மணி அடித்தது. சாமியார் அப்பத்தைத் தூக்கினார். என் வாழ்க்கையில் அன்றுதான் நான் அந்த நேரத்தில் பீடத்தைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தேன். என்னைச் சுற்றியிருந்த பெண்களும் அவரைத்தான் பார்த்தார்கள் என்று நினைக்கிறேன். மாமனார் அசையவில்லை. எல்லோரையும்போல முகத்தை நேராக வைத்து, பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி ஓயும்வரை திரும்பவில்லை.

வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"ஏன் மாமா திரும்பல? நேராப் பாத்தா ஒண்ணும் தெரியாதே."

"தெரியாதுதான். பழகிடுச்சும்மா. நேராவே பாத்துட்டா யாருக்கும் தொந்தரவு இல்ல பாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து இலை போட்டேன். இனிமேல் என்னைப் பார்க்க எவ்வளவு வேண்டுமானாலும் திரும்பட்டும், நான் முந்தானையைத் தொடக்கூட மாட்டேன் என்று எனக்குள் சொல்லிக்கொண்டு ரசச் சட்டியோடு வந்து நின்றேன். அவர் தலையை நிமிர்த்தி என் முகத்துக்கு நேராகப் பார்த்தார். நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை. "கொஞ்சம் ரசம் ஊத்தும்மா" என்றார். அதற்குப் பிறகு கடைசிவரைக்கும் என்னிடம் அப்படித்தான், நேராகப் பார்த்துப் பேசினார். என் முகம் அவருக்குத் தெரியவே இல்லை.